ஆறு நாள் இடைவெளி

2015 ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் பங்குச் சந்தை மூடிய பிறகு, அமேசான் தன் முதல் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது இந்தியாவில் நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாள் காலை தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த கைபேசியில் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை அமேசானின் கணக்கில் வட அமெரிக்கா, வெளிநாடு என்று இரண்டே பிரிவுகள் இருந்தன. நாங்கள் அலுவலகத்தில் நாள் முழுவதும் பயன்படுத்திவந்த ஏடபிள்யூஎஸ் என்னும் கிளவுட் சேவை (சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்குத் தருவது), விளம்பர வருவாய் போன்றவற்றோடு சேர்ந்து ‘இதர’ என்ற வரிக்குள் கிடந்தது. அன்றுதான் அதற்கு முதன்முதலாகத் தனி இடம் கொடுத்திருந்தார்கள். மூன்று மாத வருவாய் 157 கோடி டாலர். அதில் இயக்க லாபம் 26.5 கோடி டாலர்.

அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முந்தைய ஆண்டில், அதாவது 2014 இல், அமேசான் நிறுவனம் மொத்தமாக 24.1 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியிருந்தது. கிளவுட் சேவையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்து, புத்தகம் விற்ற காசை அதில் கரைக்கிறார்கள் என்றுதான் எங்களில் பலரும், சந்தையைக் கவனிப்பவர்களில் பலரும் எண்ணியிருந்தோம். உண்மை தலைகீழாக இருந்தது. 100 டாலர் வரவில் ஏறத்தாழ 17 டாலர் லாபமாக மிஞ்சும் ஒரு தொழில், 2006 இல் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையோடு பிள்ளையார் சுழி போட்டது, ஒன்பது ஆண்டுகளாக ‘இதர’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வளர்ந்து வந்திருக்கிறது. அறிக்கைக்கு மறுநாள், ஒரே நாளில் அமேசானின் பங்கு விலை 14 விழுக்காடு உயர்ந்தது.

அந்த அறிக்கை வந்து ஆறு நாட்கள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்ரோசாஃப்ட் தன் ஆண்டு நிரலாளர் மாநாட்டைத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் அங்கே இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. ஒன்று நிரலாளர்களுக்கானது: விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற, நிரல் எழுதும் எடிட்டர், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடக்கூடியது, விலை இல்லாமல் கிடைக்கும் என்றார்கள். மற்றொன்று முதலீட்டாளர்களுக்கானது: ஆண்டுக்கு 630 கோடி டாலர் என்ற வேகத்தில் இருக்கும் வணிகக் கிளவுட் வருவாயை 2018 நிதியாண்டுக்குள் 2,000 கோடி டாலர் வேகத்துக்குக் கொண்டுசெல்லப் போவதாக நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா சொன்னார். முதல் செய்தி தொழில்நுட்பப் பக்கத்திலும் இரண்டாவது செய்தி வணிகப் பக்கத்திலும் அச்சாயின. எனக்கும் அன்று முதல் செய்தி மட்டுமே முக்கியமாகப் பட்டது. எடிட்டரை அன்றைக்கே தரவிறக்கிக்கொண்டேன். அந்த இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கணக்கு எழுதப்படும் முறை மாறும்போது, யாரை அரவணைக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து மாறுகிறது என்பதே இந்தப் பத்தாண்டுகளில் நான் கற்றுக்கொண்டது. அதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

மைக்ரோசாஃப்டையே எடுத்துக்கொள்வோம். 2001 இல் அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னார். உரிமம் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தின் பேரேட்டில் அது புரிந்துகொள்ளக்கூடிய கோபம்தான். ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்று ஏறினால், விண்டோஸ் சர்வர் உரிமம் ஒன்று விற்காமல் போகிறது. 2014 அக்டோபரில் அதே நிறுவனத்தின் மேடையில் நாதெள்ளா, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று திரையில் காட்டினார். அடுத்த மாதமே டாட்நெட் என்னும் தன் நிரலாக்கத் தளத்தின் மூலநிரல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 2018 இல் 750 கோடி டாலர் மதிப்பிலான பங்குகளைக் கொடுத்து, அப்போது 2.8 கோடி நிரலாளர்கள் இருந்த, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பையே வாங்கினார்கள். நடுவில் மாறியது என்ன? எதை விற்கிறார்கள் என்பது மாறியது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அசூரில் விற்கப்படுவது உரிமம் அல்ல, இயந்திரம் ஓடும் நேரம். அதற்குள் லினக்ஸ் ஓடினாலும் விண்டோஸ் ஓடினாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 2015 செப்டம்பரில் நிறுவனம் தன் கணக்குப் பிரிவுகளை மாற்றியமைத்து, ‘அறிவார்ந்த கிளவுட்’ என்று ஒரு பிரிவை உருவாக்கியது. அசூர், விண்டோஸ் சர்வர், தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர், நிரலாளர்களுக்கான விஷுவல் ஸ்டூடியோ ஆகியவை அதற்குள் வந்தன. பிறகு கிட்ஹப்பும் அதே பிரிவுக்குள் வந்து சேர்ந்தது. நிரலாளரை ஈர்க்கும் கருவியும், அந்த நிரலாளர் தேர்ந்தெடுக்கும் சர்வரும் ஒரே கூட்டலில் முடிகின்றன.

நேசம் என்ற சொல்லை நான் குறை சொல்லவில்லை. அந்த எடிட்டரில்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை எழுதினேன். அதை உருவாக்கியவர்கள் தம் வேலையை உண்மையாக நேசிப்பவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த வேலையைச் செய்ய ஆண்டாண்டாகச் சம்பளம் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் காலாண்டு அறிக்கையில் இருக்கிறது, அதை நாமும் படிக்க முடியும்.

படிக்கத் தொடங்கியவுடன் முதலில் தடுக்குவது ‘ஆண்டு வேகம்’ என்ற கணக்கு. மைக்ரோசாஃப்ட் அன்று சொன்ன 630 கோடி டாலர், ஓர் ஆண்டில் உண்மையில் வந்த வருவாய் அல்ல. காலாண்டின் கடைசி மாத வருவாயைப் பன்னிரண்டால் பெருக்கி வந்த எண். மாதந்தோறும் வளரும் தொழிலில் கடைசி மாதமே பெரிய மாதமாக இருக்கும் என்பதால், இப்படிப் பெருக்கினால் வருவது எப்போதும் கடந்த ஆண்டின் உண்மையான வரவைவிடப் பெரிதாக இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை, கணக்கிடும் முறையை அவர்களே விளக்கியிருக்கிறார்கள். 2017 அக்டோபரில், சொன்ன கெடுவுக்கு முன்பாகவே, 2,000 கோடியைத் தாண்டியதாக அறிவித்தார்கள்.

அடுத்தது, கிளவுட் என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் போடுகிறார்கள் என்பது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் பிரிவில் ஏடபிள்யூஎஸ் மட்டுமே இருக்கிறது. ‘மைக்ரோசாஃப்ட் கிளவுட்’ என்ற பெயரில் அந்த நிறுவனம் சொல்லும் எண்ணில் அசூரோடு, நிறுவனங்களுக்கு விற்கும் ஆஃபீஸ் சந்தா, டைனமிக்ஸ் என்னும் வணிக மென்பொருள், லிங்க்ட்இன்னின் வணிகப் பகுதி ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. கூகுள் கிளவுட் என்ற எண்ணில் நிறுவனங்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஜிமெயிலும் டாக்ஸும் அடக்கம். ஒருவர் வாடகைக்கு எடுத்த சர்வரும், வேறொருவர் திறந்த எக்செல் கோப்பும் ஒரே கூட்டலில் நின்றால், அந்தக் கூட்டலை வைத்து மூன்று நிறுவனங்களை வரிசைப்படுத்துவது அரிசியையும் அரிசி மாவையும் ஒரே படியில் அளப்பதைப் போன்றது. இருந்தும் ஒவ்வொரு காலாண்டிலும் அந்த வரிசைப் பட்டியல் வெளிவரத்தான் செய்கிறது. எந்த கிளவுடைப் படிக்கலாம் என்று கேட்கும் மாணவர்கள் அதையே எனக்கு அனுப்புகிறார்கள்.

அசூர் மட்டும் தனியாக எவ்வளவு ஈட்டுகிறது என்ற கேள்விக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் டாலரில் விடை கிடைக்கவில்லை. வளர்ச்சி விழுக்காடு மட்டுமே கிடைத்தது. விழுக்காடு என்பது எதன் மேல் என்று தெரியாதவரை பாதி விடைதான். இடையில் ஒரே ஒருமுறை திரை விலகியது, அதுவும் நீதிமன்றத்தில். 2023 ஜூனில், ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதைத் தடுக்க அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் முன்வைக்கப்பட்ட ஆவணம் ஒன்றில், 2022 நிதியாண்டில் அசூரின் வருவாய் 3,400 கோடி டாலர் என்று இருந்தது. விளையாட்டு நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், யாரும் எதிர்பாராமல், கிளவுடின் எண் வெளிப்பட்டது. அதன்பின் 2024 ஆகஸ்டில் நிறுவனம் தன் பிரிவுகளை மீண்டும் திருத்தி, அசூர் என்ற எண்ணிலிருந்து சாதன மேலாண்மை, தரவு அறிக்கைக் கருவியான பவர் பிஐ போன்ற சிலவற்றை வெளியே எடுத்தது. மெதுவாக வளர்பவை வெளியேறியதால், அதே சேவையின் வளர்ச்சி விழுக்காடு புதிய கணக்கில் சில புள்ளிகள் கூடியது. ஒருவகையில் இது நேர்மையான திருத்தம். பயன்படுத்திய அளவுக்குக் காசு என்னும் பகுதி இப்போது முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. 2025 ஜூலையில் ஒருவழியாக டாலரிலும் சொன்னார்கள்: அந்த நிதியாண்டில் அசூரின் வருவாய் 7,500 கோடி டாலருக்கு மேல், வளர்ச்சி 34 விழுக்காடு. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் கிளவுட் என்ற பெரிய கூட்டல் 16,890 கோடி டாலர். அதாவது கிளவுட் என்று நாம் படித்துவந்த எண்ணில் அசூர் பாதிகூட இல்லை.

கூகுளின் கதை வேறு. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்ற இரண்டு மாதங்களில், 2020 பிப்ரவரியில், கூகுள் கிளவுடின் வருவாய் முதன்முறையாகத் தனியாக வெளியிடப்பட்டது: 2019 இல் 892 கோடி டாலர். ஓராண்டு கழித்து லாப நட்டமும் வெளிவந்தபோது, 2020 இன் 1,306 கோடி டாலர் வருவாய்க்கு 561 கோடி டாலர் இயக்க நட்டம் என்று தெரிந்தது. அந்த நட்டத்தைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த இலவசப் பயிற்சிகள், புதிதாகச் சேர்பவருக்குக் கொடுத்த 300 டாலர் இலவச வரவு (கிரெடிட்), ஊர்தோறும் நடந்த நிரலாளர் கூட்டங்கள் எல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. தரவு மையங்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஆன பெருஞ்செலவோடு ஒப்பிட்டால் இவை சிறு தொகையாகத்தான் இருந்திருக்கும் என்றாலும், மூன்றாம் இடத்தில் இருப்பவர் முதலிரண்டு பேரைப் பிடிப்பதற்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி அவை.

2023 முதல் காலாண்டில் கூகுள் கிளவுட் முதன்முதலாக லாபம் காட்டியது: 19.1 கோடி டாலர். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஆல்ஃபபெட் தன் சர்வர்களின் ஆயுட்காலத்தை நான்கு ஆண்டுகளிலிருந்து ஆறு ஆண்டுகளாக உயர்த்தியிருந்தது. தேய்மானம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஒரு சர்வரை 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்று எழுதினால் ஆண்டுக்கு 3 லட்சம் செலவு. ஆறு ஆண்டுகள் உழைக்கும் என்று எழுதினால் 2 லட்சம்தான். இயந்திரம் அதே அறையில், அதே மின்விசிறியோடு, அதே வெப்பத்தில் நின்றுகொண்டிருக்கும். ஏட்டில் மட்டும் ஓராண்டில் ஒரு லட்சம் லாபம் கூடிவிடும். அந்த ஆண்டு முழுவதற்கும் இந்த மாற்றத்தால் குறையும் தேய்மானம் சுமார் 340 கோடி டாலர் என்று ஆல்ஃபபெட் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே 2022 ஜூலையில் இதே மாற்றத்தைச் செய்து, அதனால் இயக்க லாபம் 370 கோடி டாலர் கூடும் என்று சொல்லியிருந்தது. அமேசானும் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று படிப்படியாக ஏற்றிவந்து, 2025 இல் செயற்கை நுண்ணறிவால் தொழில்நுட்பம் விரைந்து மாறுவதைக் காரணம் காட்டி, ஒரு பகுதி சர்வர்களுக்கு மட்டும் மீண்டும் ஐந்தாகக் குறைத்தது. கூகுள் கிளவுடின் லாபம் முழுவதும் இந்த ஏட்டு மாற்றத்தால் வந்தது என்று சொல்வது நியாயமாகாது; 2024 இல் அதன் இயக்க லாபம் 600 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் நட்டத்திலிருந்து லாபத்துக்குக் கடந்த அந்த மெல்லிய கோட்டைப் பார்க்கும்போது, ஆயுட்காலம் என்ற அடிக்குறிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் 2018 ஜூனில் கிளவுட் வருவாயையும் பழைய உரிமங்களின் பராமரிப்புக் கட்டணத்தையும் ஒரே வரியாக இணைத்ததையும், 2025 செப்டம்பரில் ஒப்பந்தமாகி இன்னும் வழங்கப்படாத சேவைகளின் மதிப்பு 45,500 கோடி டாலர் என்று சொல்லி ஒரே நாளில் 36 விழுக்காடு பங்கேற்றம் கண்டதையும் இங்கே குறிப்பிட்டால் போதும். முன்னது வந்த வரவை மறைத்தது, பின்னது வராத வரவை முன்னிறுத்தியது.

இனி, என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு நாள் நிரலாக்கப் போட்டியை நடத்த உதவினேன். ஒரு பெரிய கிளவுட் நிறுவனம் ஒவ்வொரு குழுவுக்கும் இலவச வரவுக் கூப்பன் கொடுத்திருந்தது. நான்தான் அந்தச் சீட்டுகளை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குத் தொடங்க ஒரு அட்டை எண் தேவைப்பட்டது. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தன் அக்காவின் கடன் அட்டையைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். நான்கு மாதங்கள் கழித்து ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணா, எதுவுமே ஓடலண்ணா, எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஆனா அக்கா கார்டுல 11,000 ரூபா போயிருக்கு.”

திரையைப் பகிரச் சொல்லி இருவரும் சேர்ந்து பார்த்தோம். முகப்பில் எதுவும் இல்லை, அவர் சொன்னது சரிதான். பில்லை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மும்பை மண்டலத்தில் (தரவு மையங்கள் இருக்கும் பகுதிகளை மண்டலம் என்பார்கள்) எல்லாவற்றையும் நிறுத்தியவர், முதல் நாள் பயிற்சியில் அமெரிக்க மண்டலத்தில் உருவாக்கிய ஒரு தரவுத்தளத்தை மறந்துவிட்டிருந்தது தெரிந்தது. முகப்புத் திரை தேர்ந்தெடுத்த மண்டலத்தை மட்டுமே காட்டும். கூப்பனின் வரவு தீர்ந்த நாளிலிருந்து, யாரும் ஒரு கேள்வியும் கேட்காத அந்தத் தரவுத்தளம் மணிக்கணக்கில் அட்டையில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. விளக்கி எழுதியதும் அந்த நிறுவனம் தொகையைத் திருப்பித் தந்தது; அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதுவரை மூன்று வாரங்கள் அவர் வீட்டில் பட்டது அவருக்குத்தான் தெரியும். சீட்டைக் கையில் கொடுத்தவன் என்ற முறையில், அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து எந்தப் போட்டியிலும் செலவு வரம்பு எச்சரிக்கையை அமைத்துக் காட்டாமல் நான் கூப்பன் கொடுப்பதில்லை.

அந்தப் பில் என்னை ஆழமாக உறுத்தியதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. எந்த மண்டலம், எத்தனை மணி, எத்தனை ஜிபி என்று பைசா வரை அதில் இருந்தது. 2020 டிசம்பர் முதல் தேவைப்படும்போது மட்டும் நிரலை ஓட்டித் தரும் ஏடபிள்யூஎஸ்ஸின் லாம்டா சேவைக்கு ஒரு மில்லிநொடி கணக்கில் கட்டணம் போடுகிறார்கள். நம் பக்கத்தை மில்லிநொடி வரை அளக்கத் தெரிந்த இந்தத் துறையில், தன் பக்கத்தைச் சொல்லும்போது ஒரு நிறுவனம் ‘இதர’ என்றும் இன்னொரு நிறுவனம் வெறும் விழுக்காடு என்றும் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்திருக்கின்றன. அளக்கும் கருவி அவர்களிடம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கணக்கியல் விதியே, தலைமை முடிவெடுப்பவர் உள்ளே எந்தப் பிரிவுகளாகப் பார்க்கிறாரோ அந்தப் பிரிவுகளாகவே வெளியாருக்கும் காட்ட வேண்டும் என்கிறது. பிரிவை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதில்தான் நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது.

இலவசம் என்பதும் ஒரு கணக்கு வரிதான், அது என்றைக்கு வேண்டுமானாலும் நீக்கப்படலாம். வலைச் செயலிகளை ஓட்டித் தரும் சேவையான கூகுளின் ஆப் எஞ்சின் 2011 இல் கட்டண முறையை மாற்றியபோது, அதில் சிறு செயலிகளை ஓட்டிவந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு தலைமுறை மாணவர்களின் முதல் வலைச் செயலி ஓடிய ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28 அன்று முடிந்தது. உள்ளே நுழைவதற்கு வரவேற்பு, வெளியே தரவை எடுத்துச் செல்வதற்குக் கட்டணம் என்பதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. 2024 இல்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும், முற்றாக விலகிச் செல்பவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாக நிரலாளர்கள் கேட்டுக் கிடைக்காதது, சட்டம் வாசலில் வந்து நின்றபோது இரண்டே மாதங்களில் கிடைத்தது.

அண்மையில் அதே கல்லூரியில் மீண்டும் பேச அழைத்தார்கள். எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்பதே தலைப்பு. நான் சான்றிதழ்ப் பட்டியலுக்குப் பதிலாக மூன்று நிறுவனங்களின் கணக்குப் பக்கங்களைத் திரையில் காட்டி, இந்த வரிகளில் எங்கே நாம் இருக்கிறோம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். முடிந்ததும் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்தார்.

“அண்ணா, நமக்குக் குடுக்கிற ஃப்ரீ கிரெடிட் இதுல எந்த வரியில வருது?”

வருவாய் வரியில் அது வராது என்றேன். காசு கைமாறாததால் அங்கே எழுத முடியாது. ஆனால் அவர் இரவில் ஓட்டும் அந்தச் சிறிய இயந்திரம் எங்கோ ஓர் அறையில் உண்மையாகவே ஓடுகிறது, அதற்கு மின்சாரம் ஆகிறது, அது தேய்கிறது என்று சொல்லிவிட்டு, செலவுப் பக்கத்துக்குப் போய், தேய்மானம் என்ற வரியின் மேல் சுட்டியை வைத்துக் காட்டினேன். அவர் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, சர்வரின் ஆயுட்காலம் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று கேட்டார்.